வாசலில் சொல்லாமல் வந்தது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1948 ஜூனில் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு நாட்டில் அவசரகாலம் வந்ததே, அந்த ஊர். நான் மூன்றாவதாக ஒன்று சொல்வேன். விடியாத நேரத்தில் பஸ் நிலையத்துப் பக்கம் நிற்கிற பெண்களில் யார் வேலைக்குப் போகிறார், யார் சிறைக்குப் போகிறார் என்று எனக்குப் பார்த்ததும் தெரியும். சிறைக்குப் போகிறவர் காதிலும் கழுத்திலும் ஒன்றும் இருக்காது. வெக்கையிலும் முழுக்கைச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அடையாள அட்டையும் தண்ணீர் பாட்டிலும். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். தெரிந்தவர் கேட்டுவிட்டால் "ஈப்போவுக்கு, கண் டாக்டரைப் பார்க்க" என்பார். நானும் ஒரு வருஷம் கண் டாக்டரைப் பார்த்தவள்தான்.

என் தம்பி உள்ளே இருந்தது 2018 மார்ச்சிலிருந்து 2019 மார்ச் வரை. அந்த ஒரு வருஷத்தில் மூன்று முறை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டான். அதில் ஒன்று, உயிர் போகட்டும் என்றே செய்தது. இப்போது நன்றாக இருக்கிறான், ஒரு டயர் கடையில் வேலை. இதை எழுதச் சொன்னதும் அவன்தான். "எப்படிப் பண்ணேன்னு மட்டும் எழுதாதக்கா. உள்ள இருந்து வந்தவன் எவனாவது படிப்பான்" என்றான். அதனால் அது இதில் இல்லை.

எங்கள் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடித்து, எங்களைத் தாமான் என்கிற குடியிருப்பில் மலிவு விலை வீட்டுக்கு அனுப்பியபோது தம்பிக்குப் பதினாறு வயது. அதற்கப்புறம் நடந்தது இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் நடந்த கதைதான். பள்ளிக்கூடம் நின்றது, லாரியில் அட்டெண்டன்ட் வேலை, லாரியோடு வந்த கூட்டாளிகள், கூட்டாளிகளோடு வந்த சாமான், அதாவது போதைப்பொருள். இதை நீட்டப் போவதில்லை.

சொல்ல வேண்டியது 2014இல் தொடங்குகிறது. அப்பா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஒரு ராத்திரி தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தான். காரில் திரும்பி வரும்போதே பெரியப்பா சொல்லிவிட்டார்: "யார் கேட்டாலும் மயக்கம் போட்டு விழுந்துட்டான்னு சொல்லுங்க." மானம் மட்டும் காரணம் இல்லை. அப்போது தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் குற்றம். தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாகப் பார்த்தவனைப் பிடித்துச் சிறையில் போடுவார்கள் என்ற பயத்தில் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். நாலு வருஷம் கழித்து வேறு வழக்கில் அவன் சிறைக்குப் போனபோது, மூடிய வாயை மூடியபடியே வைத்திருந்தோம். அந்தப் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இப்போது அது குற்றமில்லை. இதைத் தெரியாத குடும்பங்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் முதலில் சொல்கிறேன்.

சரி, கைதுக்கு வருகிறேன். பூட்டிய கடையை உடைத்த வழக்கு. கூட இருந்த இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், இவன் மாட்டினான். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியலமைப்புச் சட்டத்தில் உள்ளது. நிறுத்தினார்கள். நாலு நாள் தடுப்புக் காவல் கிடைத்தது. லோக்காப்பில் அந்த நாலு நாளும் அவனுக்குத் தூக்கம் இல்லை. சாபு என்கிற அந்தச் சாமானைப் போட்டுப் பழகியவனுக்கு அது திடீரென்று நின்றால் மனசு பாதாளத்துக்கு இறங்கும். அவன் சாமான் எடுக்கிறான் என்று பாலாயில், போலீஸ் நிலையத்தில், சொல்லலாமா என்று அம்மா கேட்டார். "சொன்னா இன்னொரு கேஸ் போடுவாங்க" என்று நான்தான் தடுத்தேன்.

பிறகு குற்றம் சாட்டி, ஜாமீன் 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். புரட்டியிருக்கலாம். அம்மாவின் தோடு இருந்தது, என்னிடம் கூட்டுச் சீட்டுப் பணம் இருந்தது. ஆனால் வீட்டில் கூடிப் பேசி எடுத்த முடிவு வேறு. "நாலு நாள் கிடக்கட்டும், அப்பதான் புத்தி வரும்." இந்த வாக்கியத்தை எத்தனை தமிழ் வீடுகளில் கேட்டுவிட்டேன். விசாரணை முடியாமல் காவலில் இருப்பவர்களுக்குத்தான், தண்டனை பெற்றவர்களைவிட, தற்கொலை ஆபத்து அதிகம் என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தண்டனை பெற்றவனுக்கு வெளியே வரும் தேதி ஒன்று இருக்கிறது. காவலில் இருப்பவனுக்கு அதுகூட இல்லை. அடுத்த தேதி, அதற்கடுத்த தேதி, ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளிப் போகும். நாலு நாள் புத்தி வருவதற்காக அனுப்பியவன் அப்படி ஐந்து மாதம் கிடந்தான்.

சிறையில் சேரும்போது கேள்வி கேட்டார்களாம். நோய் உண்டா, மருந்து சாப்பிடுகிறாயா, முன்னால் உயிரை விடப் பார்த்தது உண்டா. முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர். ஒருவன் சொல்வது அடுத்தவன் காதில் விழும். "அந்த வரிசையில எல்லாரும் ஒரே பதில்தான்க்கா, தாக் அடா. மூச்சிரைக்கிறவன்கூட தாக் அடாதான்" என்றான் தம்பி. இல்லை, இல்லை, இல்லை. அந்தத் தாளில் அவன் ஒரு குறையும் இல்லாத ஆரோக்கியமான ஆள். 2014 அங்கே இல்லை. அப்பா செத்த மாதம் அங்கே இல்லை. தெரிந்தவர்கள் நாங்கள் வெளியே இருந்தோம், ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் போய்ச் சொல்லவில்லை.

இரண்டாவது மாதத்தில் அவன் பெண்டாட்டி, நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜொகூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் டெலிபோன். "பாப்பா எங்க?" என்பான். "பாப்பாவுக்குச் சளி." அடுத்த முறை, "பள்ளிக்கூடம்." அடுத்த முறை அவனே, "பொய் சொல்றியாக்கா?" என்றான். நேரம் முடியப் போகிறது என்று வார்டர் கை காட்டிவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. "அவ போயிட்டாடா, பிள்ளையோட" என்று சொல்லிவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுந்து போய்விட்டான்.

நானும் எழுந்து வந்தேன். வாசலில் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கொடுத்தவர் ஒரு நடுத்தர வயது வார்டர், சிரித்த முகம். "அவனுக்கு இன்னிக்கு ஒரு கெட்ட செய்தி சொல்லியிருக்கேன், ராத்திரி கொஞ்சம் பார்த்துக்கோங்க." இதை மலாய் மொழியில் சொல்ல எனக்குத் தெரியும். பத்து விநாடி ஆகாது. நான் "தெரிமா காசே", நன்றி, மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார், கவுன்சலிங் பிரிவிலிருந்து வந்தவர். என்னைத் திட்டவில்லை. முன்னால் இப்படி நடந்தது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். எப்போது? 2014. நேற்று ஏதாவது பேசினீர்களா? பேசினேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "ஏன் காக், முன்னாலேயே எங்களிடம் சொல்லவில்லை?" என்றார். இன்றைக்கும் யாராவது என்னை அக்கா என்று மலாய் மொழியில் கூப்பிட்டால் அந்தக் கேள்வி திரும்பி வருகிறது.

நான் கண்டுகொண்டது அதுதான். சிறைக்குள் நடப்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது, வெளியே நடப்பது சிறைக்குத் தெரியாது. ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கக் கூடியவர், பார்க்கப் போகிற குடும்பத்தார்தான்.

என் மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு. நான் கேட்ட முதல் கேள்வியே அசட்டுத்தனமானது. இதற்கு முன்னால் இரண்டு முறை சின்னதாகக் காயம் பண்ணிக்கொண்டானே, அது நடிப்பா, நிஜமா? ஏனென்றால் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்காக, பிளாக் மாற்றுவதற்காக, பெண்டாட்டியைப் பயமுறுத்துவதற்காக. கையைக் கீறிக்கொள்கிறவன் சாக மாட்டான், சாகிறவன் சொல்ல மாட்டான் என்று பெரியப்பா ஒரு பழமொழி மாதிரியே சொன்னார்.

மகள் ஒரு ஆய்வைக் காட்டினாள். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 2004 முதல் 2009 வரை நடந்ததை எண்ணியிருக்கிறார்கள். 26,510 கைதிகள், 1,39,195 முறை தங்களைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் சாகவில்லை, உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தவர்களில் 109 பேர் பிறகு சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். மற்றக் கைதிகளைவிட இவர்களுக்கு ஆபத்து அதிகம். அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல், காயப்படுத்திக்கொண்ட ஒரு மாதத்துக்குள் நடந்தவை. பெரியப்பாவின் பழமொழி அங்கேயே செத்தது.

அந்தச் சின்னக் காயங்களுக்குக் காரணம் என்ன என்று தம்பியிடமே பின்னாளில் கேட்டேன். "சாகறதுக்கு இல்லக்கா. தலைக்குள்ள சத்தம். அது கொஞ்ச நேரம் அடங்கும்" என்றான். பிறகு அவனே, "ஆனா அடங்கற நேரம் குறைஞ்சுகிட்டே வரும்" என்றான். எனக்கு விளங்கிய வரைக்கும் இதுதான் விஷயம். சாக வேண்டும் என்பதும், வலியை வேறு வலியால் மாற்ற வேண்டும் என்பதும் ஒன்றில்லை. ஆனால் இரண்டும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. ஒன்றில் இருப்பவன் மற்றதில் எப்போது காலை வைப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே நடிப்பா நிஜமா என்ற விசாரணையை விட்டுவிட வேண்டும். கவனத்தை இழுக்கத்தான் செய்தான் என்றே வைத்துக்கொள்வோமே. ஒருவன் தன் உடம்பைக் கிழித்துக் கவனம் கேட்கிறான் என்றால் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே.

ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் புரிந்தது. அழுகிறவன், அழாதவன், முரடன், சாமி கும்பிடுகிறவன், யாரும் இருக்கலாம். எந்த நாள் என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து நான் கூட்டிக்கொண்டு போய்வந்த குடும்பங்களின் கதையை வைத்தும், மகள் படித்துச் சொன்னதை வைத்தும் எனக்கு ஒரு நாள்காட்டியே உருவாகிவிட்டது. பிடிபட்ட முதல் ராத்திரி, முதல் வாரம். கோர்ட்டுக்குப் போய்த் திரும்பிய சாயங்காலம், அதிலும் தேதி தள்ளிப்போன நாள், தண்டனை சொன்ன நாள். சிறை மாற்றிய வாரம். வருவோம் என்று சொன்ன குடும்பம் வராமல் போன நாள். வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரிவு. தீபாவளி. செத்துப்போன அப்பாவின் திதி. எங்கள் தம்பிக்கு அந்தத் திதியும் பெண்டாட்டி போன செய்தியும் ஒரே வாரத்தில் வந்தன. நாள் தெரிந்த ஒரே ஆள் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் திரும்பிக் கொண்டுபோனபோது நான் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். மகள் மலாய் மொழியைத் திருத்தினாள். நீட்டி எழுதவில்லை, ஒரு பக்கம்தான். முன்னால் எப்போது முயன்றான். என்ன சாமான் எடுத்துக்கொண்டிருந்தான், எத்தனை வருஷமாக. தூக்கம் எப்படி. இந்த வருஷம் வரப்போகிற கெட்ட நாள்கள் எவை எவை, தேதியோடு. யார் வந்தால் அவன் முகம் தெளியும். கீழே என் பெயர், போன் நம்பர். இரண்டு பிரதி. ஒன்று கவுன்சலிங் அதிகாரிக்கு, ஒன்று சிறைக் கிளினிக்குக்கு. இதைக் கொடுத்தால் கோர்ட்டில் எதிராகத் திரும்புமா என்ற பயம் எனக்கும் இருந்தது. வழக்கறிஞரிடம் முதலில் காட்டினேன். பணம் கொடுத்து வைத்த வழக்கறிஞர் இல்லை, தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் வழியாக வந்தவர். வழக்கைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள், உடம்பையும் மனதையும் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றார். நல்ல யோசனை. திருடினானா இல்லையா என்பது அந்தத் தாளில் வரக் கூடாது.

இன்னொன்றும் வாய்விட்டுக் கேட்டேன். தனியாக வைக்காதீர்கள் என்று. காயப்படுத்திக்கொண்டவனைப் பாதுகாப்புக்காக என்று சொல்லித் தனி அறையில் வைப்பது பல நாட்டுச் சிறைகளில் நடப்பதுதான். ஆனால் ஒற்றை அறையில் இருப்பதே ஆபத்தைக் கூட்டுகிற காரணங்களில் ஒன்று என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. யாரும் பார்க்க வராமல் இருப்பது இன்னொன்று. அந்த அதிகாரி தலையாட்டினார், ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பத்து நாள் கழித்துத் தம்பி ஒரு மலாய்க்காரப் பெரியவரோடு இருந்தான். தம்பி அவரைப் பாக் சிக் என்பான், மாமா என்கிற மாதிரி. விடியலுக்கு முன்னால் தொழுகைக்கு எழுகிறவர். எழுந்ததும் இருட்டில் இவனைப் பார்த்து, "பெலும் திடோர்?" என்பாராம். இன்னும் தூங்கலையா? அவ்வளவுதான் பேச்சு. "அந்த ஆளு கேட்பாருன்னே சில நாள் விடியற வரைக்கும் இருந்தேன்" என்றான் தம்பி. இங்கிலாந்தில் சமாரித்தன்ஸ் என்ற அமைப்பு 1991இல் வேல்ஸின் சுவான்சி சிறையில் கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, மற்றக் கைதிகளின் பேச்சைக் கேட்க வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது, பிறகு மற்றச் சிறைகளுக்கும் பரவியது என்று மகள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்களுக்குப் பாக் சிக் பயிற்சி இல்லாமலே கிடைத்தார்.

சாகத் தோன்றுகிறதா என்று ஒருவனிடம் கேட்பது எப்படி என்று என்னிடம் பல பெண்கள் கேட்கிறார்கள். நமக்கு இதில் பெரிய கஷ்டம் இருக்கிறது. தமிழில் இந்த விஷயத்துக்கு நாம் வைத்திருப்பதெல்லாம் சுற்றுவழி வார்த்தைகள். "தப்பா ஏதும் பண்ணிக்காதே." "பிள்ளைய நினைச்சுப் பாரு." "கோழை மாதிரி யோசிக்காதே." இவற்றுக்குப் பதிலே கிடையாது. கேட்டவன் தலையை ஆட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வான். நான் மூன்று வாரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய்க் கேட்டேன்: "தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" டெலிபோனில், பக்கத்து ஆள் காது கேட்க. அவன் என்னைப் பார்த்தான். "தோணுது" என்றான். "தினமுமா?" "ராத்திரியில." "இன்னிக்கு ராத்திரி?" கொஞ்சம் யோசித்து, "இன்னிக்கு இல்ல" என்றான். என் காலில் தரை திரும்பி வந்த மாதிரி இருந்தது. கேட்டால் இல்லாத எண்ணத்தை ஏற்றிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அது தப்பு என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. எண்ணம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

"தோணுது" என்று சொன்னால் என்ன செய்வது? புத்தி சொல்லக் கூடாது. "சரி, சொன்னியே, அது போதும். நான் போறப்ப துவான் கிட்ட சொல்லிட்டுப் போறேன், உன்னைப் பார்த்துக்கச் சொல்றேன்" என்பேன். துவான் என்றால் அங்கே இருக்கிற அதிகாரி. வேண்டாம் என்பான். வேண்டாம் என்றாலும் சொல்வேன். ரகசியம் காக்கிறேன் என்று மட்டும் சத்தியம் பண்ணிக் கொடுக்காதீர்கள். அந்தச் சத்தியம் நம் கையைக் கட்டிவிடும்.

கெட்ட செய்தி சொல்லியே ஆக வேண்டும் என்றால், உள்ளே போய் உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும். மிச்ச நேரம் அவன் அழட்டும், கோபப்படட்டும், நாம் கூட இருப்போம். கடைசி நிமிஷத்தில் சொன்னால் அவனோடு அறைக்குள் போவது செய்தி மட்டும்தான். சாவுச் செய்தியாக இருந்தால் போவதற்கு முன்னாலேயே சிறைக்குப் போன் போட்டு அதிகாரியிடம் தெரிவித்துவிடுவது நல்லது. அப்புறம், அடுத்து வருகிற தேதி. வர முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். நாம் சும்மா ஆறுதலுக்கு "அடுத்த வாரம் வர்றேன்" என்போம். அவன் சுவரில் எண்ணிக்கொண்டிருப்பான். வான் டயர் பஞ்சராகி ஒரு முறை எங்களால் போக முடியவில்லை. சிறைக்குப் போன் பண்ணி, "இன்ன நம்பர் கைதியிடம் அக்கா வர முடியவில்லை, வியாழக்கிழமை வருவார் என்று சொல்லுங்கள்" என்று கெஞ்சினேன். சொன்னார்களாம். எல்லா நாளும் சொல்வார்கள் என்று உத்தரவாதம் இல்லை, கேட்பதில் நமக்கு நஷ்டமும் இல்லை.

ஒரு சங்கடமான அடையாளமும் உண்டு. பல வாரம் கலங்கிக் கிடந்தவன் ஒரு நாள் திடீரென்று அமைதியாக, கனிவாக, "அம்மாவைப் பார்த்துக்கோ, என் பைக்கைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துடு" என்று பேசினால், தெளிந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டு வந்துவிடாதீர்கள். அது உண்மையிலேயே தெளிவாக இருக்கலாம். முடிவு எடுத்துவிட்டவனின் அமைதியாகவும் இருக்கலாம். வாசலில் சொல்லிவிட்டு வாருங்கள். தெளிவாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

பெண் கைதிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. முன்னே சொன்ன அதே ஆய்வில், ஒரு வருஷத்தில் ஆண் கைதிகளில் 100க்கு 5, 6 பேர் தங்களைக் காயப்படுத்திக்கொண்டார்கள் என்றால், பெண்களில் 100க்கு 20 முதல் 24 பேர். எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் நான் பார்த்த வரைக்கும் மகனைப் பார்க்கப் போகிற அம்மா உண்டு, புருஷனைப் பார்க்கப் போகிற பெண்டாட்டி உண்டு. உள்ளே இருக்கிற பெண்டாட்டியைப் பார்க்கப் போகிற புருஷனை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் விவாகரத்துத் தாளோடு போனவர்.

தம்பி பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டான். கைதான நாளிலிருந்து 18 மாதம் என்றார்கள். மூன்றில் ஒரு பங்கு கழிவு போக ஒரு வருஷத்தில் வெளியே வந்தான். தேதி தெரிந்ததும் அவன் முகம் மாறியது உண்மை. அப்பாடா, தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். மகள் மறுபடியும் ஸ்டூலைப் போட்டாள். இங்கிலாந்து, வேல்ஸில் விடுதலையான ஒரு வருஷத்துக்குள் தற்கொலை செய்துகொண்டவர்களைக் கணக்கெடுத்ததில், ஐந்தில் ஒரு பங்கு முதல் 28 நாளுக்குள் என்றாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வெளியே வந்தவனுக்கு என்னடி ஆபத்து?

வந்த பிறகு பார்த்தேன். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் முகத்தைத் திருப்பினார்கள். பிள்ளை ஜொகூரில். பழைய கூட்டாளிகள் மட்டும் ராத்திரி பத்து மணிக்குப் பைக்கில் வந்து ஹாரன் அடித்தார்கள். கோயில் திருவிழாவில் அவன் காவடிக்குக் கை கொடுக்கப் போனபோது ஒருவர் சத்தமில்லாமல் நகர்ந்து நின்றார். அந்த 28 நாளும் அவனை ஒரு ராத்திரிகூடத் தனியாக விடவில்லை. என் தையல் கடைக்குள்ளேயே பாய். பகலில் பட்டன் தைக்கக் கொடுத்தேன், கோணல்மாணலாகத் தைத்தான். அரசாங்கக் கிளினிக்கில் மனநல மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே தேதி வாங்கியிருந்தேன். வீட்டில் ஆபத்தானது என்று எனக்குத் தோன்றியதை எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்து வைத்தேன். என் சுவரில் உதவிக்குக் கூப்பிடுகிற எண்கள் எழுதிய ஒரு தாள் இன்னமும் ஒட்டியிருக்கிறது. பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, எந்த நேரமும் பேசலாம். தாலியான் காசே 15999. பிறகு சேர்த்தது, சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. அவன் கூப்பிட்டானோ இல்லையோ, நான் இரண்டு முறை கூப்பிட்டேன். பார்த்துக்கொள்கிறவருக்கும் ராத்திரி வருமே.

இப்போது பார்க்கப் போகிறவர்களுக்குச் சித்தப்பா மகனின் வானை ஏற்பாடு செய்கிறோம். லீவு கிடைத்தால் தம்பிதான் ஓட்டுவான். வாசல் வரைக்கும் வருவான், உள்ளே வர மாட்டான். மரத்தடியில் வானை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

போன மாதம் ஒரு அம்மா முதல் தடவையாக வந்தார். மகனுக்குப் பத்தொன்பது வயது, பிடித்து ஆறு நாள். வானில் வரும்போதே தாளை எழுதினோம். ஸ்கூல் படிக்கும்போது ஒரு தரம் இப்படி ஆனது என்று மெல்லச் சொன்னார், சொல்லும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எழுதி முடித்த தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "இதைக் கொடுத்தா கேஸ் பெருசாயிடாதாம்மா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். வாசலில் போய் நின்றவர் கையை ரவிக்கை மேலேயே வைத்திருந்தார், எடுக்கவில்லை. நான் கூடப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வானிலிருந்து தம்பி இறங்கி நடந்து போனான். அதுவரைக்கும் அவன் அவ்வளவு கிட்டப் போனதில்லை.

"குடுங்கம்மா, நான் கொடுக்கறேன்" என்று தாளை வாங்கி, ஜன்னலில் நீட்டி, மலாய் மொழியில் இரண்டு வார்த்தை பேசினான். திரும்பி வந்து அந்த அம்மாவிடம், "உள்ள போனதும் கம்பளி குடுத்தாங்களான்னு கேளுங்க. ராத்திரி சிமெண்டுத் தரை குளிரும்" என்றான்.